ஹாலி செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும்? லேபிளை நம்பி மாட்டிக்கொண்டேன்

எடிசன்வாசி (மார்ச் 29):

வணக்கம். நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். வீட்டு முகப்பில் காய்ந்து கிடந்த பழைய புதர்களைப் பிடுங்கிவிட்டு, 2022 செப்டம்பரில் நான்கு ஹாலி செடி நட்டேன். கிறிஸ்துமஸ் கார்டுகளில் முள் இலையும் சிவப்புப் பழமுமாக இருக்குமே, அந்த வகை. மூன்று ‘ப்ளூ பிரின்சஸ்’, ஒன்று ‘ப்ளூ பிரின்ஸ்’. பெண் செடியில்தான் பழம் வரும், கூட ஒரு ஆண் செடி இருந்தாக வேண்டும் என்று நர்சரியில் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பெண் செடிகளில் இரண்டு வீட்டின் தென்மேற்கு மூலையில், டிரைவ்வே ஓரம். நாள் முழுக்க வெயில். மூன்றாவது பின்பக்கம், பெரிய மேப்பிள் மரத்தடியில். ஆண் செடிதான் பழம் தரப்போவதில்லையே, அதற்கு எதற்கு நல்ல இடம் என்று வடக்குச் சுவரை ஒட்டி ஏசி கண்டென்சருக்குப் பக்கத்தில் நட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், முகப்பில் இருக்கும் இரண்டும் தெற்கு பார்த்த பக்கம் மட்டும் பழுப்பாகக் கருகிவிட்டன. திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் பச்சை. மேப்பிள் அடியில் இருப்பது கருகவில்லை, ஆனால் பரட்டைத் தலையாக நீண்டு, ஊடே பார்த்தால் பின்னால் உள்ள வேலி தெரிகிறது. பழமா? போன டிசம்பரில் மூன்று செடியிலும் சேர்த்து எண்ணினேன். பதினொன்று.

லேபிளில் ‘முழு வெயில் முதல் பாதி நிழல் வரை’ என்று போட்டிருக்கிறது. வெயிலில் வைத்தது கருகுகிறது, நிழலில் வைத்தது நோஞ்சானாகிறது. எதை எங்கே மாற்றுவது?

கேரிக்காரன்:

நான் நார்த் கரோலினா. என்னிடம் இருப்பது ‘நெல்லி ஸ்டீவன்ஸ்’ ஹாலி. காலையிலிருந்து மாலைவரை வெயில்தான், ஒரு இலை கருகியதில்லை. ஆண் செடி இல்லாமலேயே காய்த்துத் தள்ளுகிறது. உங்களுடையது வெயில் சூட்டில் கருகியிருக்கும். கருகிய கிளையை எல்லாம் வெட்டிவிட்டு நல்ல உரமாகப் போடுங்கள், துளிர்த்துவிடும்.

வெஸ்ட்விண்ட்சர் அக்கா:

தம்பி, முதலில் அந்தக் கத்தரியைக் கீழே வையுங்கள். உரமும் இப்போது வேண்டாம்.

கேரிக்காரர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே மண் நாள்கணக்கில் கல்லாக உறைந்து கிடப்பதில்லை. இங்கே நியூஜெர்சியில் ஜனவரி, பிப்ரவரியில் உறைகிறது. ஹாலி இலை உதிர்க்காத செடி, அதனால் குளிர்காலத்திலும் வெயில் பட்டால், காற்று அடித்தால் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வேரோ உறைந்த மண்ணிலிருந்து ஒரு சொட்டு எடுக்க முடியாது. அப்படித்தான் தெற்கு, தென்மேற்குப் பக்கம் மட்டும் காய்கிறது. உங்கள் செடியைக் கருக்கியது சூடு இல்லை, தாகம்.

2014 ஜனவரியில் போலார் வோர்டெக்ஸ் என்று துருவக் கடுங்குளிர் இறங்கி வந்ததே, அந்த வருடம் என் வீட்டுத் தெற்குச் சுவரோரம் இருந்த இரண்டும் மார்ச்சில் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒன்றை என் வீட்டுக்காரர் செத்துவிட்டது என்று வெட்டிப் போட்டுவிட்டார். இன்னொன்றை நான் அவர் கண்ணில் படாமல் காப்பாற்றினேன். மே மாதம் அதே கிளைகளில் புது இலை விட்டது. இன்றும் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஓய்ந்தபாடில்லை. அதனால் நகத்தால் குச்சியைக் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மே கடைசிவரை விட்டுவைத்து, அப்புறம் துளிர்க்காத நுனியை மட்டும் எடுங்கள்.

இனி வெயில் கணக்கு. இங்கே லேபிளில் முழு வெயில் என்றால் நேரடி வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல். பாதி நிழல் என்றால் நாலிலிருந்து ஆறு. ஹாலி அடிப்படையில் காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்த ஜாதி. உங்கள் ப்ளூ ரகங்களை 1950களில் லாங் ஐலண்டில் கேத்லீன் மெஸர்வ் என்ற அம்மாள் ஜப்பான் பக்கம் தாழ்வாகப் படரும் ஒரு ஹாலியையும் இங்கிலாந்து ஹாலியையும் கலந்து உருவாக்கினார். அந்த இரண்டுமே நிழல் தாங்குபவை. அதனால் நாலு மணி நேர வெயிலில்கூடச் சாகாது. ஆனால் சாகாமல் இருப்பது வேறு, அடர்த்தியாகக் காய்த்து நிற்பது வேறு. அதற்கு வளரும் பருவத்தில் ஆறு மணி நேரம் வேண்டும்.

நம் ஆட்கள் எல்லாரும் இன்னொரு இடத்தில் ஏமாறுகிறோம். சென்னையில் ஆனி மாசம் உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். வடக்குச் சுவர் ஓரம் வைத்த செடியும் பிழைத்துக்கொள்ளும். இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. ஜூனில் நடுப்பகலில் சுமார் 73 டிகிரி உயரம், டிசம்பரில் 26 தான். 25 அடி உயர வீட்டின் நிழல் ஜூன் நடுப்பகலில் எட்டு அடிகூட வராது, டிசம்பரில் ஐம்பது அடிக்குப் போகும். உங்கள் மேப்பிள் அடிச் செடியை இப்போது யோசியுங்கள். குளிர்காலம் முழுக்க வீட்டு நிழல், அதனால்தான் கருகவில்லை. மே வந்தால் மேப்பிள் குடை பிடித்துவிடும். பாவம், அதற்கு வருடத்தில் எப்போதுதான் வெயில்? போதாததற்கு மேப்பிள் வேர் மேலாக ஓடித் தண்ணீரையும் குடித்துவிடும்.

அப்புறம் அந்த ஆண் செடி. அதுவும் பூக்க வேண்டாமா? பூத்தால்தானே மகரந்தம், தேனீ வந்து எடுத்துப்போக? வடக்குச் சுவரோரம் நாலு பூ பூத்திருந்தாலே அதிசயம். உங்கள் பதினொரு பழத்துக்கு அந்த இடம்தான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம், இலையுதிர் காலத்தில் செடியை அழகாகச் சீவிவிட்டீர்களா? இந்த ப்ளூ ஹாலி போன வருடக் கிளையில்தான் பூக்கும். சீவினால் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

நானாக இருந்தால் ஆணைத்தான் முதலில் மாற்றுவேன், வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு. காலை வெயில், மத்தியானத்துக்கு மேல் நிழல், குளிர்காற்றும் குறைவு. ஹாலிக்கு இந்த ஊரில் அதைவிடச் சுகமான இடம் இல்லை. முகப்பில் இருக்கும் இரண்டையும் தொடாதீர்கள். இடம் நல்ல இடம், குளிர்காலத்தில் மட்டும் கவனம் வேண்டும். நவம்பரில் மண் உறைவதற்கு முன்னால் வேர்வரை இறங்குகிற மாதிரி தண்ணீர் விடுங்கள், வேரைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலம் மல்ச் (மரப்பட்டைத் துண்டு மூடாக்கு) போடுங்கள், தென்மேற்கில் நாலு குச்சி நட்டு சணல் சாக்கைத் தடுப்பாகக் கட்டுங்கள். அக்கம்பக்கத்தார் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கேரிக்காரன்:

அக்கா, உறைபனி விஷயம் யோசிக்கவே இல்லை. கத்தரி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

டவுன்ஹவுஸ் தேவி:

எனக்கு வாசலே வடக்கு பார்த்ததுதான். ஹாலியே வைக்கக் கூடாதா அக்கா?

வெஸ்ட்விண்ட்சர் அக்கா:

தாராளமாக வையுங்கள் தேவி, பச்சைக்காக. பழம் எதிர்பார்க்காதீர்கள். ஜப்பானிய ஹாலியில் ‘ஸ்கை பென்சில்’ என்று குறுகலாக உயரும் ரகம் உண்டு, வாசலுக்கு அளவாக இருக்கும். ஆனால் அதுவும் நல்ல நிழலில் கொஞ்சம் கலைந்துதான் நிற்கும்.

எடிசன்வாசி (ஜூன் 22):

அக்கா, தகவல் சொல்ல வந்தேன். கீறிப் பார்த்தேன், பச்சை. மே இரண்டாம் வாரம் கருகின கிளைகளிலேயே துளிர் வந்துவிட்டது. மூன்று நுனிகளைத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

நேற்று காலை ஏழிலிருந்து மணிக்கு ஒரு தடவை போனில் படம் எடுத்தேன். முகப்பில் எட்டு மணி நேரம், கிழக்குப் பக்கம் ஐந்தரை, மேப்பிள் அடியில் இலை இடுக்கு வழியாக விழுவதைச் சேர்த்தால் ஒன்றே முக்கால். ஏசி பக்கம் காலையில் சாய்வாகக் கொஞ்சம், அவ்வளவுதான். ஆண் செடியை ஏப்ரலிலேயே கிழக்குக்கு மாற்றிவிட்டேன். மேப்பிள் அடியில் இருப்பதைச் செப்டம்பரில் எடுத்து அதற்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.

அப்புறம், ஆமாம். போன அக்டோபரில் சீவினேன். நன்றாக உருண்டையாக.