டூவர்ட் கோட்டைக்குப் போகிற கப்பலில் ஒரு மக்லீன் அம்மா

ஸ்காட்லாந்தில் எந்தக் கோட்டையைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டூவர்ட். மல் தீவின் முனையில், கடலுக்கு நேர் மேலே பாறையில் நிற்கிறது. மக்லீன் குலத் தலைவர்களின் பூர்வீகக் கோட்டை. ஓபான் துறைமுகத்திலிருந்து மல் தீவின் கிரெய்க்னூருக்குக் கப்பலில் போனால் வழியிலேயே தெரியும்.

அந்தக் கப்பலில்தான் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கோட்டை கண்ணில் பட்டதும் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறந்த வீட்டுப் பெயர் மக்லீனாம். "உங்கள் முன்னோர் இந்தக் கோட்டையில் வாழ்ந்தவர்களா?" என்று கேட்டேன். "இல்லை, தலைவருடைய நிலத்தில் குத்தகைக்கு உழுதவர்கள். ஆனாலும் இது எங்கள் வீடுதான்" என்றார்.

அப்புறம் இன்வர்கீதிங் போரைப் பற்றிச் சொன்னார். 1651 ஜூலை 20, எதிரே ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல்லின் படை. தலைவர் சர் ஹெக்டர் மக்லீனைக் காப்பாற்ற ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் பலர், "ஹெக்டருக்காக இன்னொருவன்!" என்று கத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக முன்னால் பாய்ந்து மடிந்தார்கள் என்பது குலத்தின் வழிவழிக் கதை. கடைசியில் ஹெக்டரும் பிழைக்கவில்லை. நேற்று நடந்ததுபோல அந்த அம்மா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கோட்டை போனது கடனால். மக்லீன்கள் வாங்கியிருந்த கடன்களை எல்லாம் ஆர்கைல் காம்பெல்கள் என்ற எதிர்க் குலத்தார் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டு நிலத்தைக் கேட்டார்கள். 1691-இல் கோட்டையும் அவர்கள் வசமானது. 1751 வரை அரசுச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களும் போன பிறகு கூரை விழுந்து வெறும் சுவர்தான் மிச்சம்.

அதை 1911-இல் திரும்ப வாங்கியவர் 26-வது தலைவர் சர் ஃபிட்ஸ்ராய் மக்லீன். கிரிமியப் போருக்குப் போய் வந்தவர். வாங்கும்போதே வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூரை போட்டு, அறைகளைச் சீரமைத்து, 1912-இல் உலகெங்கும் இருந்து குலத்தாரை அங்கே கூட்டினார். 101 வயது வரை வாழ்ந்து 1936-இல் காலமானார். இந்த மனிதர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களிலும் தீவுகளிலும் ஏழைக் குடியானவர்களை விரட்டியவர்களில் குலத் தலைவர்களும் உண்டே, அந்தக் கோபம் இந்த அம்மாவைப் போன்ற குடிகளின் வாரிசுகளுக்கு இல்லையா? யோசித்தால், 19-ஆம் நூற்றாண்டில் மல் தீவில் ஊர் ஊராகக் காலி செய்ய வைத்தபோது டூவர்ட் மக்லீன்களிடம் அங்கே நிலமே இல்லை. தலைவரும் குடிகளும் சேர்ந்துதான் இழந்திருக்கிறார்கள். அந்த அம்மா 'எங்கள் வீடு' என்று சொன்னதில் எனக்கு எந்த மிகையும் தெரியவில்லை.

போகிறவர்கள் மொட்டை மாடி வரை ஏறிப் பாருங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.