புதுப்பிப்பு: 31-வது வாரத்தில் வலி, நிஃபெடிபின் கொடுத்த பிறகு நடந்தது

போன மாதம் என் மனைவிக்கு 31-வது வாரத்திலேயே வலி வந்தபோது, பிரசவத்தைத் தள்ளிப்போட ஐசாக்சுப்ரின், நிஃபெடிபின், அட்டோசிபன் இவற்றில் எது நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கிருஷ்ணகிரியில் நர்ஸாக இருக்கும் அக்கா சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது: "எந்த மருந்தானாலும் பெரும்பாலும் இரண்டு நாள்தான் கிடைக்கும். அதற்குள் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி போடணும், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற இடத்துக்குப் போயிடுங்க."

அரூர் பக்கம் முதலில் பார்த்த இடத்தில் ஐசாக்சுப்ரின் போட்டார்கள். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அன்றிரவே 108-ல் தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே நிஃபெடிபின் மாத்திரை. விலை குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் அடிக்கடி பிரஷர் பார்த்தார்கள். தலைவலியும் முகச் சூடும் இருந்தன, அவ்வளவுதான். அட்டோசிபனுக்குப் பக்கவிளைவு குறைவு, விலைதான் அதிகம், எங்களுக்குத் தேவைப்படவில்லை. கூடவே அக்கா சொன்ன ஸ்டீராய்டு ஊசி: டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணிக்கொரு முறை, நான்கு ஊசி.

எதிர்பாராதது ஒன்று: பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று தெரிந்தது. வலியைத் தூண்டியது அதுவாக இருக்கலாம் என்றார் டாக்டர். எரிச்சல் எதுவும் இல்லாததால் நாங்கள் கவனிக்கவே இல்லை.

நான்காம் நாள் பெண் குழந்தை, 1.5 கிலோ. மூச்சுக்கு இரண்டு நாள் சிபேப் (மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் கருவி) வைத்தார்கள், வென்டிலேட்டர் வேண்டியிருக்கவில்லை. இப்போது 1.9 கிலோ, அம்மா நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்கிறாள்.