வியர்வையை அளக்கும் பட்டை வாங்கலாமா?

கேள்வி: ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மெரினா போய்த் திரும்பி ஓடுகிறேன். தண்ணீர் நிறையவே குடிக்கிறேன். ஆனாலும் 15 கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கறுப்புத் தொப்பியில் வெள்ளையாக உப்பு பூத்துவிடுகிறது. கையில் ஒட்டும் வியர்வைப் பட்டை உதவுமா?

பதில்: கேட்டரேட் என்ற விளையாட்டுப் பான நிறுவனத்தின் பட்டையை முன்கையின் உட்பக்கம் ஒட்டி ஓடியிருக்கிறேன், தம்பி. வியர்வை அதிலுள்ள நுண்குழாய்களில் ஏறும். ஆரஞ்சு நிறக் குழாய் எவ்வளவு வியர்த்தது என்று காட்டும். ஊதா, உப்பின் அளவை. முடிந்ததும் போனில் அதற்கான செயலியில் படம் எடுத்தேன், கணக்கு வந்துவிட்டது. ஒரு பட்டை ஒரே ஓட்டத்துக்குத்தான்.

இன்னொரு பதில்: முதலில் எடை பாருங்கள். ஓடும் முன் ஒருமுறை, பின் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒருமுறை. 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது. வழியில் குடித்ததையும் கூட்டுங்கள். பிடிப்புக்குத் தசைக் களைப்பும் காரணமாகலாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்காதீர்கள், தயவுசெய்து. இரத்தத்தில் சோடியம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேட்டவர்: சரி அக்கா, இந்த ஞாயிறு எடை பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்புறம் பட்டை.