எழுத்துக்கு முந்தைய மனிதனைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம்தானா?

ஆற்றுமணல்: கல்வெட்டும் ஓலையும் இல்லாத காலத்து ஆள் எப்படி வாழ்ந்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த ஓட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 5,300 வருஷப் பழைய உடல், தோலாடை, கோடரி எல்லாம் இருந்தும் பத்து வருஷம் குளிரில் விறைத்துச் செத்தான் என்றே பேசினார்கள். 2001-ல் எக்ஸ்ரேயில் பார்த்தால் இடது தோளில் அம்புமுனை! முழு உடல் கிடைத்தே இந்த நிலை என்றால் வெறும் கல்லை வைத்து என்ன சொல்ல முடியும்?

மலைப்பாதை: சார், அந்த முடிவை மாற்ற வைத்ததும் அதே உடல்தானே? குடலில் ஒரு மரத்தின் மகரந்தம் கிடைத்தது. அடிவாரப் பள்ளத்தாக்கில் வளர்ந்து, வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் சமயத்தில் பூக்கிற மரம். மகரந்தத்தின் உட்பகுதிகூடக் கெடவில்லை, அதாவது பூத்த புதிதிலேயே உள்ளே போயிருக்கிறது, செத்ததும் அந்தப் பருவத்தில்தான். குடலின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு உயரத்து மரங்களின் மகரந்தம் இருந்ததால், கடைசி இரண்டு நாளுக்குள் மேலேயிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி, மறுபடி 3,200 மீட்டருக்கு ஏறியிருக்கிறான் என்று தெரிகிறது. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமான வெட்டு, ஆறத் தொடங்கிய காயம். கீழே சண்டை போட்டுவிட்டுத் தப்பி ஓடியவன். இதில் எது ஊகம்?

ஆற்றுமணல்: அந்தக் கடைசி வரிதான். வெட்டு உண்மை, சண்டை நீங்கள் சேர்த்தது. செம்புக் கோடரியை யாரும் எடுக்கவில்லை, அதனால் கொன்றவன் திருடனில்லை, பகையாளி என்கிறார்களே, அதுவும் இதே ரகம்.

கொற்றலைக்காரன்: சண்டை விஷயத்தில் ஆற்றுமணல் கேட்பது நியாயம், ஆனால் 'வெறும் கல்' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம், சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தையவை. மேலே கிடக்கும் கல்லில் விண்கதிர் பட்டு உண்டாகும் கதிரியக்க அலுமினியம், பெரிலியம் அணுக்கள், கல் புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் அழியும். மிச்சத்தை அளந்து வயதைக் கணக்கிட்டார்கள். அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை, செய்தது எந்த வகை மனிதன் என்றும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மலைப்பாதை: அப்புறம், எழுத்து இருந்தால் மட்டும் உண்மையா? கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியில் அவன் வென்றதாகச் சொல்லும் நாடுகளையெல்லாம் வென்றுவிட்டானா? தின்றதைக் குடல் கூட்டிச் சொல்லாது.

ஆற்றுமணல்: கூட்டிச் சொன்னாலும் மெய்க்கீர்த்தியில் அவன் பட்டத்தரசி பேர் இருக்கிறது. ஓட்சி என்ன மொழி பேசினான், யாரைக் கும்பிட்டான், யார் அவனுக்காக அழுதார்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான், அதற்கு எந்த மகரந்தத்திலும் பதில் இல்லை.