புதுப்பிப்பு: வடிகட்டிய வரிசைகளை மேக்ரோவில் படித்தல்

எக்செல் தாளை வடிகட்டிய பின், கண்ணுக்குத் தெரியும் வரிசைகளின் மதிப்புகளை மேக்ரோவால் (எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரலால்) படிக்கும்போது முதல் சில வரிசைகள் மட்டுமே கிடைப்பது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது.

இடையிடையே வரிசைகள் மறைந்திருக்கும்போது, தெரியும் கலங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஸ்பெஷல்செல்ஸ் கட்டளை தரும் வரம்பு (கலங்களின் தொகுதி) ஒரே தொடர்ச்சியாக இராமல் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அத்தகைய வரம்பில் எத்தனை வரிசைகள் என்று ரோஸ்.கவுன்ட் மூலம் கேட்டால் முதல் துண்டின் எண்ணிக்கைதான் வரும். வேல்யூ மூலம் மதிப்புகளை எடுத்தாலும் அப்படியே. 2 முதல் 4 வரையும், 9 முதல் 15 வரையும் உள்ள வரிசைகள் தெரிந்தால், கிடைக்கும் விடை 10 அன்று, 3. ஆகவே ஏரியாஸ் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு துண்டையும் ஃபார் ஈச் சுழலில் எடுத்து, அதனுள் வரிசை வரிசையாகப் படிக்க வேண்டும். இப்படி மாற்றியதும் எல்லா வரிசைகளும் முழுமையாக வந்தன.

எந்த வரிசையும் பொருந்தாவிட்டால் ஸ்பெஷல்செல்ஸ் 1004 என்ற பிழையுடன் நின்றுவிடும் என்பதால், சப்டோட்டல் சார்பை 103 என்ற எண்ணுடன் (தெரியும் வரிசைகளில் நிரம்பிய கலங்களை மட்டும் எண்ணுவதற்கான எண்) தலைப்பு நீங்கலான ஒரு நெடுவரிசையில் இயக்கி, விடை சுழியமா என்று முதலில் பார்ப்பது நல்லது. அந்த நெடுவரிசையில் வெற்றுக் கலங்கள் இருக்கக் கூடாது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று: ஒரே ஒரு கலத்தின் மீது ஸ்பெஷல்செல்ஸை இயக்கினால், அது தாளின் பயன்பாட்டிலுள்ள பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அழிக்கும் கட்டளை அதைத் தொடர்ந்தால் தரவு பறிபோய்விடும். கலங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் நிரல் எழுதுபவர்களுக்கு, ஒவ்வொரு வரிசையும் வடிகட்டியால் மறைந்திருக்கிறதா என்று இஸ்ரோஹிடன்பைஃபில்டர் மூலம் கேட்டாலே போதும்.