மறு: டாக்கிங் – பிணைப்பா, பொருத்தாய்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இரண்டு புரதங்கள் எப்படிச் சேரும் என்று கணினியில் தேடும் 'டாக்கிங்' (docking) முறைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில், நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் இவை.

> 'புரதப் பிணைப்பு' என்றே எழுதிவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பள்ளியில் வேதியியல் படித்தவருக்குப் பிணைப்பு என்றதும் சகப்பிணைப்பும் அயனிப் பிணைப்பும் நினைவுக்கு வரும். டாக்கிங்கில் எதுவும் பிணைவதில்லை. இரண்டு புரதங்கள் பிணைந்தால் எந்தப் பக்கம் எதை நோக்கி அமரும் என்று கணினியில் தேடுகிறோம், அவ்வளவுதான். பிணைவது புரதங்களின் வேலை. இந்தத் தேடல் நம் வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், 'பிணைப்பைக் கண்டோம்' என்ற வரியை ஆய்வகத்தில் கண்டதாகப் படிப்பதா, கணினி சொன்னதாகப் படிப்பதா?

டாக்கிங் செய்துதரும் கிளஸ்புரோ என்ற இணைய வழங்கி செய்வதைப் பாருங்கள். பார்னேஸ், பார்ஸ்டார் என்ற இரண்டு புரதங்களின் வடிவங்களை அதற்குக் கொடுக்கிறோம். அது ஒன்றை அசையாமல் நிறுத்திக்கொண்டு, மற்றதை ஏறத்தாழ 70,000 விதமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி வைத்துப் பார்க்கிறது. ஆற்றல் மிகக் குறைந்த 1,000 அமைப்புகளை எடுத்து, ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, பெரிய கூட்டத்தை முதலில் காட்டுகிறது. தச்சர் நாற்காலிக் காலைத் துளையில் வைத்துப் பார்த்து, எடுத்து, திருப்பி மறுபடி வைப்பாரே, அதே வேலை. தமிழில் அதைப் 'பொருத்திப் பார்த்தல்' என்கிறோம். அதிலிருந்துதான் 'பொருத்தாய்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இந்த இணையில் உண்மையான விடை, புரதத்தைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் காணும் படிகவியலால் முன்பே தெரியும். பார்னேஸ் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி. அதைச் சுரக்கும் பாக்டீரியாவையே அது கொன்றுவிடாமல், செல்லுக்குள் பார்ஸ்டார் அதன் வாயை அடைத்து வைக்கிறது. பார்ஸ்டாரின் 39ஆவது அமினோ அமிலமான ஆஸ்பார்டேட் தன் எதிர்மின்னூட்டத்தோடு, ஆர்.என்.ஏ.வின் பாஸ்பேட் அமர வேண்டிய இடத்தில் போய் அமர்கிறது. அவ்வளவு இறுக்கமான பிடியிலும் சகப்பிணைப்பு ஒன்றுகூட இல்லை.

> இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செய்திகளில் 'இணைப்பு' என்றுதானே எழுதினார்கள்? 'துறையணைதல்' என்றும் வைக்கலாம்.

ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் 2025 ஜனவரி 16 அன்று வானில் சேர்ந்த இரண்டு செயற்கைக்கோள்களும் ஒன்றோடொன்று பொருந்தவென்றே செய்யப்பட்டவை. எந்த முகத்தோடு எந்த முகம் சேர வேண்டும் என்பது புறப்படும் முன்பே முடிவானது. துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கும் தன் துறை தெரியும். புரதத்தில் அந்தத் துறை எது என்பதே கேள்வி. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் வேண்டுமா?

> பொருத்தம் என்றால் சாதகம்தான் நினைவுக்கு வருகிறது.

வரட்டும் அம்மா. சேர்வதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணிச் சொல்வதைத்தான் நம் வீடுகளில் பொருத்தம் பார்ப்பது என்கிறோம். சாதகத்தை நம்பாதவருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். கணிப்பு, மதிப்பெண் என்ற இரண்டு கருத்தும் அதிலேயே ஊறியிருக்கும்போது நாம் ஏன் விலக்க வேண்டும்?

தொடர்களில் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே வளைகிறது. புரதங்களை இறுகிய கட்டிகளாகவே கொண்டால் 'விறைப்புப் பொருத்தாய்வு'. ஹாடாக் என்ற மென்பொருளைப் போல வளைய இடம் கொடுத்தால் 'நெகிழ் பொருத்தாய்வு'. கிடைக்கும் எண் 'பொருத்த மதிப்பெண்'. புரதங்கள் தொட்டுக்கொள்ளும் பரப்புக்கு 'இடைமுகம்' வேண்டாம். கணினித் துறை அதை முழுதாக எடுத்துக்கொண்டது. 'பொருந்துமுகம்' என்று எழுதுகிறேன்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். புரத வடிவங்களைக் கணிக்க 2024இல் வந்த செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்ட் 3க்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. அது ஆயத்தமான இரண்டு வடிவங்களை வாங்கிப் பொருத்திப் பார்ப்பதில்லை. அமினோ அமில வரிசைகளிலிருந்தே சேர்ந்த வடிவத்தை ஒன்றாக வரைந்து தருகிறது. அதை 'அணைவுக் கணிப்பு' என்பதே சரி.

ஒரே ஒரு சொல்லில் இன்னும் தடுமாறுகிறேன். பொருத்தாய்வு தரும் ஒவ்வோர் அமைப்பையும் ஆங்கிலத்தில் 'போஸ்' என்கிறார்கள். 'நிலை' மிகப் பொதுவாக இருக்கிறது. ஒரு பொருள் கிடக்கும் விதம் என்ற பொருளில் இப்போதைக்குக் 'கிடை' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆட்டுக்கிடையும் கிடைமட்டமும் குறுக்கே வந்து குழப்புமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.