தஞ்சாவூர் வீணையில் பியசோ டிஸ்க்: மிக்சரில் போட்டால் தகரச் சத்தம் வருகிறது, என்ன செய்யலாம்?

குடந்தை_வீணை:
வணக்கம். ஏகாண்ட வீணை, அதாவது ஒரே மரத்தில் குடைந்தது. நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் வாசிக்க வேண்டும். மைக் வைத்தால் பக்கத்து மிருதங்கமும் கூட்டத்தின் பேச்சும்தான் முதலில் ஏறுகிறது. அதனால் 27 மி.மீ. பித்தளை பியசோ டிஸ்க் (அதிர்வை மின் சிக்னலாக்கும் வில்லை) வாங்கி, சாதா வயர் பற்றவைத்து, பலகையில் ஒட்டி, மைக் செட்காரரின் மிக்சரில் லைன் இன்புட்டில் கொடுத்தோம். சாரணி (முதல் தந்தி) தகரத்தில் தட்டியது போலக் கேட்கிறது, அனுமந்தரம் (மிகத் தாழ்ந்த தந்தி) இருக்கிற இடமே தெரியவில்லை. வயரில் கை பட்டால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வேறு. டிஸ்க் மட்டமானதா? வீணையில் துளை போடக் கூடாது, பாலிஷும் கெடக் கூடாது.

சால்டர்_மாயவரம்:
டிஸ்க் மேல் பழி வேண்டாம். அதை வாங்கிக்கொள்ளும் இன்புட்தான் பொருந்தவில்லை.

27 மி.மீ. டிஸ்க் மின்சாரக் கணக்கில் சுமார் 20 நானோ ஃபாரட் கப்பாசிட்டர் மாதிரி. மிக்சரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோ ஓம் சுற்றித்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். 3 கட்டைச் சுருதியில் (E) சேர்த்த வீணையில் சாரணி ஷட்ஜம் 165 ஹெர்ட்ஸ், அனுமந்தர பஞ்சமம் 62. தந்தியின் அடி நாதம் போய் மேல் நாதம் மட்டும் மிஞ்சுகிறது, அதுதான் தகரச் சத்தம். மைக் இன்புட்டில் போட்டால் இன்னும் மோசம். அங்கே 2 கிலோ ஓம் அளவுதான், தேயத் தொடங்கும் அந்த வெட்டு 4000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். பாஸ் குமிழை ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும். இன்புட் 1 மெகா ஓம் ஆனால் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், முழு நாதமும் வரும்.

மைக் செட்காரரிடம் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (இன்புட் ஓம் அதிகமுள்ள, மிக்சருக்கு முன்னால் போடும் பெட்டி) இருக்கிறதா கேளுங்கள். சில மிக்சரில் கிட்டாருக்கென்று தனி பொத்தான் இருக்கும், அதுவும் போதும். இரண்டும் இல்லையென்றால் அதே வேலை செய்யும் சின்ன பஃபர் சர்க்யூட் ஒன்று கட்டிக்கொள்ளலாம், செலவு அதிகமில்லை.

டி.எல்.071 ஐ.சி. ஒன்று, 9 வோல்ட் பேட்டரி. 7ஆம் காலுக்கு பிளஸ், 4ஆம் காலுக்கு மைனஸ். 2ஐயும் 6ஐயும் சேர்த்துவிடுங்கள். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை பேட்டரிக்குக் குறுக்கே தொடராகப் போட்டால் நடுவில் 4.5 வோல்ட் கிடைக்கும். அந்த நடுப்புள்ளியிலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட். அதே புள்ளியிலிருந்து 2.2 மெகா ஓம் வழியாக 3ஆம் காலுக்கு. டிஸ்கின் சிக்னல் 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாக 3ஆம் காலுக்கு வரட்டும். 6ஆம் காலிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட், பிறகு 1 கிலோ ஓம், பிறகு ஜாக். கப்பாசிட்டரின் பிளஸ் ஐ.சி. பக்கம்.

ஜாக் ஸ்டீரியோவாக வாங்கி, பேட்டரி மைனஸை நேரே சர்க்யூட்டில் கொடுக்காமல் நடு வளையத்தில் மட்டும் கொடுங்கள்; சர்க்யூட்டின் மைனஸ் ஜாக்கின் அடிப்பகுதியில் (ஸ்லீவ்). மோனோ பிளக் செருகினால்தான் மின்சாரம் ஓடும், தனி சுவிட்ச் வேண்டாம். கச்சேரி முடிந்ததும் பிளக்கைக் கழற்ற மறந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். இந்த அவுட்புட்டை மைக் இன்புட்டில் கொடுப்பதாக இருந்தால் மிக்சர் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும்.

சுரைக்குடுக்கை:
ஒட்டும் விஷயம் நான் சொல்கிறேன். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். பாலிஷும் போகும், பிய்க்கும்போது பித்தளை வளைந்து மேலுள்ள வெள்ளைச் செராமிக்கும் கீறும். கீறல் விட்ட டிஸ்க் சத்தம் குறைந்து கரகரக்கும். தடித்த ஸ்பாஞ்ச் டேப்பும் ஆகாது, மேல் ஸ்தாயியை அது விழுங்கிவிடும். மெல்லிய இரட்டைப் பக்க டேப், அல்லது கலப்படமில்லாத தேன்மெழுகு மெல்லிய படலமாக. மெட்டுக்கு வைக்கும் கறுப்பு மெழுகை இதற்கு எடுக்காதீர்கள், கறை பிடிக்கும். பித்தளைப் பக்கம்தான் பலகையில் உட்கார வேண்டும், நடுவில் காற்று இருக்கக் கூடாது. கழற்றும்போது அடியில் நூலை விட்டு அறுத்தெடுங்கள்.

இடம்தான் முக்கியம். குதிரையின் (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கவாட்டிலேயே ஒட்டினால் நகம் படும் சத்தமும் மெட்டு உரசலும் தூக்கலாக வரும். குதிரைக் காலிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி, பலகையில் ஆரம்பியுங்கள். பலகையின் விளிம்புக்குப் போகப் போக நாதம் ஒல்லியாகும். முதலில் பேப்பர் டேப்பால் லேசாகப் பிடித்து, அனுமந்தரத்தையும் சாரணி மேல் ஸ்தாயியையும் தாளத் தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டி, மூன்றும் சமமாகக் கேட்கிற இடத்தில் நிரந்தரமாக ஒட்டுங்கள். வேலைப்பாடு பதித்த இடத்தில் மட்டும் வேண்டாம். நம் பக்கத்துப் புழுக்கத்தில் டேப் இளகி நழுவும், ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிது போட்டால் நல்லது. தம்புராவுக்கும் இதே முறை. வயலினுக்கு 27 மி.மீ. பெரிது, 12 அல்லது 15 எடுங்கள்.

குடந்தை_வீணை:
ரொம்ப நன்றி. இரைச்சலுக்கு என்ன செய்யலாம்? சத்தத்தை ஏற்றினால் ‘ஊ’ என்று வேறு கத்துகிறது.

பந்தல்_சவுண்ட்:
இரைச்சலுக்குக் காரணம் சாதா வயர். ஷீல்டு கேபிள் போடுங்கள்: பின்னல் பித்தளையில், நடுக்கம்பி செராமிக்கில். செராமிக்கில் சால்டர் வைக்கும்போது 25 வாட் இரும்பு, இரண்டு நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். கூடினால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். டிஸ்கிலிருந்து பஃபர் வரை ஒரு முழத்துக்குள் இருந்தால் நல்லது, பஃபருக்குப் பிறகு கேபிள் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறமும் கை பட்டால் இரைந்தால், செராமிக் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதற்கு மேல் அலுமினியத் தாள். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது, பின்னலைப் பிரித்து தாளுக்கு அடியில் அழுத்தி டேப்பால் கட்டுங்கள். சீரியல் லைட் வயரோடு கேபிளைச் சேர்த்து ஓட்டாதீர்கள், குறுக்கே கடந்தால் பரவாயில்லை.

ஊளைக்கு: ஸ்பீக்கர் வீணைக்குப் பின்னால் இருந்தால் முதலில் அதை முன்னால் நகர்த்துங்கள். பிறகு பேரமெட்ரிக் ஈக்யூவில் (எந்த ஹெர்ட்ஸ் என்று தேர்ந்து ஏற்றி இறக்கும் குமிழ்கள்) 150 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் கத்துகிற இடத்தைத் தேடி, குறுகலாக 6 டெசிபல் வரை இறக்குங்கள். லோ கட் (தாழ்ந்த நாதத்தை வெட்டும் வசதி) 50 ஹெர்ட்ஸுக்கு மேல் போகக் கூடாது, அனுமந்தரம் போய்விடும். மைக்கையும் சேர்த்து வைத்தால் ஃபேஸ் பொத்தானை (சிக்னலைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பாருங்கள், நாதம் கனமாகிற பக்கம் விடுங்கள்.